40 பேர் மோசமானார்கள்… சிகிச்சையாளர்கள் கண்ணில் பட்டது ஒருவர்தான், தெரியுமா?

பல வருட அனுபவமுள்ள மனநல நிபுணர் ஆளைப் பார்த்ததுமே மனதைப் படித்துவிடுவார் என்றுதானே நம்புகிறோம்? இதைக் கேளுங்கள்!

2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. சிகிச்சையில் இருந்த 550 பேரில் யாருடைய நிலைமை முன்பைவிட மோசமாகும் என்று, சிகிச்சை தந்தவர்களையே கேட்டார்கள். அவர்கள் கைகாட்டியது 3 பேரை. உண்மையில் மோசமானவர்களோ 40 பேர்! அந்த மூவரிலும் ஒருவர் விஷயத்தில்தான் கணிப்பு பலித்தது. வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாளின் மதிப்பெண்களை வைத்துப் போட்ட கணக்கோ, அந்த 40 பேரில் பெரும்பாலோரை முன்னதாகவே காட்டிவிட்டது!

அக்கறை இல்லாமலா தவறவிட்டார்கள்? நிச்சயமாக இல்லை. குணமானவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். குணமாகாதவர் சத்தமில்லாமல் வருவதை நிறுத்திவிடுகிறார். அவருக்கு என்ன ஆயிற்று என்று சிகிச்சையாளருக்கு யார் சொல்வது? இப்படி ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்து வளர்கிற அனுபவத்தை எந்த அளவுக்கு நம்புவது?

எதிர்பார்ப்பும் நிபுணரை ஏமாற்றும். ஒரு மனிதனை வரையச் சொல்லி மனதைக் கணிக்கும் சோதனை தெரியுமா? ‘சந்தேகப் புத்திக்காரர் கண்ணைப் பெரிதாக வரைவார்’ என்று நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். ஆய்வுகளில் அது நிற்கவில்லை. 1967-ல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் தம்பதியர் ஒரு காரியம் செய்தார்கள். படங்களையும் நோய்க்குறிகளையும் கண்டபடி சேர்த்து, பயிற்சியே இல்லாத கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். என்ன ஆச்சரியம், அவர்களும் அதே பெரிய கண்ணைக் ‘கண்டுபிடித்தார்கள்’! இல்லாத தொடர்பு, எதிர்பார்ப்பினாலேயே கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

நிபுணரின் கணிப்பா, கணக்குச் சூத்திரமா என்ற விவாதத்தைப் பெரிதாகக் கிளப்பியவர், தானும் சிகிச்சையளித்து வந்த மினசோட்டா உளவியலாளர் பால் மீல். ஆண்டு 1954! பின்னால் 2000-ல் மருத்துவம், உளவியல் சார்ந்த 136 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நிபுணரின் கணிப்பு சூத்திரத்தைத் தெளிவாக முந்தியது எத்தனையில் தெரியுமா? வெறும் 8-ல்!

அதற்காக மீல் நிபுணரை ஒதுக்கவில்லை. வாரம் தவறாமல் சினிமாவுக்குப் போகும் பேராசிரியர் இன்றும் போவார் என்றுதான் கணக்கு சொல்லும். நேற்று அவர் காலை முறித்துக்கொண்டதை நேரில் பார்ப்பவர்தானே அறிவார் என்று மீலே கேட்டார்.

நிபுணரும் கணக்கும் கைகோத்தால்? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள்! ‘இவர் சரிவில் இருக்கிறார்’ என்ற கேள்வித்தாளின் எச்சரிக்கை உடனுக்குடன் சிகிச்சையாளர் கைக்குப் போனபோது, மோசமாகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது!