பதினெட்டா, இருபத்தொன்றா?

அமெரிக்காவில் 18 வயதுப் பையனுக்குக் கடையில் பீர் தரமாட்டார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் கைத்துப்பாக்கியும் தரமாட்டார்கள். இரண்டுக்கும் 21 நிறைந்திருக்க வேண்டும். நீளத் துப்பாக்கிக்கு மட்டும் கூட்டரசுச் சட்டப்படி 18 போதும். வேட்டைத் துப்பாக்கியோடு ஏஆர்-15 ரகமும் இந்த வகையில்தான் வருகிறது.

ஃப்ளோரிடாவில் ஓர் இளைஞன் 18 வயதில், கடையில் முறைப்படிதான் ஏஆர்-15 வாங்கினான். ஓராண்டு கழித்து, 2018 பிப்ரவரி 14 அன்று, தான் முன்பு படித்த பார்க்லாண்ட் பள்ளிக்குள் அதோடு நுழைந்தான். நான்கு நிமிடத்துக்குள் 14 மாணவர்களும் 3 ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். அவனைப் பற்றி எஃப்.பி.ஐ.க்கு முந்தைய மாதமே எச்சரிக்கை வந்திருந்தது. அது உரிய அலுவலகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

தப்பிய பிள்ளைகள் பஸ் ஏறித் தலைநகர் டலஹாசிக்குப் போனார்கள். அங்குள்ள மாகாணச் சட்டமன்றம் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. ஆளுநர் ரிக் ஸ்காட், துப்பாக்கி ஆதரவு அமைப்பான என்.ஆர்.ஏ. மெச்சிய தலைவர். அப்படிப்பட்ட இடத்திலேயே மூன்றரை வாரத்துக்குள் சட்டம் வந்தது. செனட்டில் 20-க்கு 18 என்று மயிரிழையில் நிறைவேறிய மசோதாவில் மார்ச் 9 அன்று ஸ்காட் கையெழுத்திட்டார். எந்தத் துப்பாக்கி வாங்கவும் வயது 21. வாங்குபவர் குறைந்தது மூன்று நாள் காத்திருக்க வேண்டும். ஆபத்தானவர் என்று போலீஸ் மனுப் போட்டால், அவரிடமுள்ள துப்பாக்கிகளை ஓராண்டு வரை ஒப்படைக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம். என்.ஆர்.ஏ. அன்றைக்கே வழக்குத் தொடுத்தது. 2025 மார்ச்சில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், வயது வரம்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் ஏற்றதைச் சட்டமன்றமே கலைக்கப் பார்ப்பதுதான் வேதனை. வயதை மறுபடி 18-க்கு இறக்கும் மசோதாவைக் கீழவை 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டும் நிறைவேற்றியது. மூன்று முறையும் செனட் அதைக் கிடப்பில் போட்டது.

ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம், துப்பாக்கி மட்டும் வாங்கக் கூடாதா என்று கேட்கிறார்கள் ஆதரவாளர்கள். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் ராணுவம் யார் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதில்லை. பயிற்சி கொடுத்து, அதிகாரியின் கண் முன்னே சுடவைத்து, ஆயுதத்தை எண்ணித் திரும்ப வாங்கிப் பூட்டிவைக்கிறது. ஃப்ளோரிடா சட்டமோ போலீஸ்காரர்களுக்கும் படைவீரர்களுக்கும் விலக்கே கொடுத்திருக்கிறது. அப்பா தன் துப்பாக்கியை 18 வயது மகனுக்குக் கொடுப்பதையும் அது தடுக்கவில்லை. தானே விலைக்கு வாங்குவதை மட்டுமே மூன்றாண்டு தள்ளிவைக்கிறது. இதையும் உரிமைப் பறிப்பு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2022 மே மாதத்தில் மட்டும் நடந்ததைப் பாருங்கள். பஃபலோவில் ஒரு பலசரக்குக் கடையில் 10 பேர். டெக்சாஸ் யுவால்டே தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். இரண்டு இடத்திலும் கொன்றவன் 18 வயதுக்காரன். யுவால்டேயில் சுட்டவன் 18-ஆவது பிறந்தநாள் முடிந்த கையோடு துப்பாக்கியை விலைக்கு வாங்கியிருந்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் வயதை 21 ஆக்கச் சொல்லி டெக்சாஸ் சட்டமன்றத்தில் மன்றாடினார்கள். நடக்கவில்லை.

வயது வரம்பு எல்லாச் சாவையும் தடுக்காது. 2025 ஏப்ரலில் டலஹாசியிலேயே, ஃப்ளோரிடா மாகாணப் பல்கலைக்கழகத்தில் இருவரைக் கொன்ற 20 வயது மாணவனின் கையில் இருந்தது, காவல்துறையில் வேலை பார்க்கும் உறவினரின் கைத்துப்பாக்கி. வீட்டில் இருக்கும் ஆயுதத்தைப் பூட்டிவைக்கக் கடுமையான சட்டம் வேண்டும் என்பதற்கு அது சாட்சி. இருக்கும் சட்டத்தைத் தளர்த்த அது காரணமாகாது.

கீழவை எத்தனை முறை அனுப்பினாலும் செனட் இந்த மசோதாவைத் தொடக் கூடாது. ஃப்ளோரிடா போட்ட 21 என்ற வரம்பைக் கூட்டரசுச் சட்டத்திலும் எழுத வேண்டும்.