சில்லும் நிரலும்

நுழையும்முன்

கணினியின் இயக்க அமைப்பைப் புதிய பதிப்பிற்கு மேம்படுத்திய மறுநாள் இணையம் கிடைக்கவில்லை. இணையக் கட்டணம் நிலுவையில் இல்லை. அதே அறையில் கைப்பேசிக்கு இணைப்பு தடையின்றிக் கிடைக்கிறது. நேற்றுவரை இயங்கிய கணினி இன்று ஏன் அலையைக் காணவில்லை? இவ்வினாவிற்கு விடை தேடும் வழியில் பொறியியல் மட்டுமன்றிச் சட்டமும் உரிமையும் எதிர்ப்படுகின்றன.

நால்வர் கூட்டு

திரையின் ஓரத்தில் விசிறி போன்று தோன்றும் சிறு குறியைச் சொடுக்கினால், அக்கம்பக்கத்து இணைப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. இந்த எளிய செயலுக்குப் பின்னால் நான்கு பேர் கைகோத்து உழைக்கின்றனர் எனலாம்.

முதலாவது, வைஃபை எனப்படும் அருகலைச் சில்லு. வானலைகளை வாங்குவதும் அனுப்புவதும் இதன் தொழில். இரண்டாவது, அச்சில்லின் உள்ளே ஓடும் நிலைப்பொருள் என்னும் நிரல். பெயரில் ‘நிலை’ இருப்பினும் பல அருகலைச் சில்லுகளில் இது நிலைத்திருப்பதில்லை. மின்சாரம் நின்றவுடன் சில்லு அனைத்தையும் மறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் வட்டிலிருந்து நிலைப்பொருளை எடுத்து அதனுள் ஏற்ற வேண்டும். மூன்றாவது, இயக்கி. கணினி கூறுவதைச் சில்லுக்கும், சில்லு கூறுவதைக் கணினிக்கும் மொழிபெயர்த்துச் சொல்வது இது. நான்காவது, இயக்க அமைப்பின் மையமாகிய கருனி.

மேம்பாட்டின்போது முதலாவது மட்டும் மாறுவதில்லை. கருனி மாறுகிறது, அதனோடு இயக்கியும் மாறலாம், புதிய இயக்கி வேறொரு நிலைப்பொருளைக் கேட்கலாம். ஆனால் பயனரின் கண்ணுக்குப் புலப்படுவது சில்லு அடங்கிய கருவி மட்டுமே. எனவேதான் பழுதற்ற கருவியைப் பழுதென்று கருதிக் கடைக்குச் சென்று, யூஎஸ்பியில் செருகும் புதிய வைஃபை கருவியை வாங்கிவருவோர் பலர். வாங்கிவந்ததும் சில வேளைகளில் இணைப்பு கிடைத்துவிடும். அதனால் பழைய கருவிமீது விழுந்த பழி நிலைத்துவிடுகிறது.

இடையில் நின்ற வடிகட்டி

2015 ஜூலை 29 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயக்க அமைப்பை வெளியிட்டது. விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றைப் பயன்படுத்தியோர் ஓராண்டுக் காலம்வரை கட்டணமின்றி மேம்படுத்திக்கொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வாறு 8.1இலிருந்து மாறியோருள் சிலருக்கு இணைப்புகளின் பட்டியலே வெறுமையாகத் தோன்றியது. சில்லும் நன்று, இயக்கியும் நன்று. எனினும் எந்த இணைப்பும் கண்ணில் படவில்லை.

காரணம் எதிர்பாராத இடத்தில் இருந்தது. அலுவலகப் பிணையத்தோடு பாதுகாப்பாகத் தொடர்புகொள்ள உதவும் விபிஎன் மென்பொருள்களின் சில பழைய பதிப்புகள், கணினிக்குள் வடிகட்டி இயக்கி ஒன்றை அமைத்திருந்தன. இயக்கிக்கும் இயக்க அமைப்பிற்கும் இடையில் அமர்ந்து, வருவதையும் போவதையும் பார்வையிடுவது அதன் பணி. புதிய அமைப்பு அதனை ஏற்கவில்லை. ஆயினும் மேம்பாட்டின்போது அது முறையாக அகற்றப்படவும் இல்லை. வேலையை விட்டுப்போன வாயிற்காவலர் கதவைப் பூட்டிச் சென்றதுபோல, அந்த எச்சம் வழியை மறித்துக்கொண்டது. சிலருக்குக் கம்பிவழி இணைப்பும் இதனால் நின்றது. அந்தப் பதிவை நீக்கியவுடன் இணைப்புகள் மீண்டும் தோன்றின.

ஆப்பிள் கணினிகளும் இதற்கு விலக்கல்ல. 2014 அக்டோபரில் வெளிவந்த யோசமிட்டி என்னும் பதிப்பில், பிணையத்திலுள்ள கருவிகளின் பெயர்களைக் கண்டறியும் பழைய நிரலை நீக்கிப் புதிய நிரலொன்றைச் சேர்த்தனர். இணைப்புகள் அடிக்கடி அறுந்தன. சில கணினிகள் தம் பெயரை வேறொரு கணினியின் பெயரென்று எண்ணி, தமக்குத் தாமே இரண்டு என்று எண்ணிட்டுக்கொண்டன. 2015 ஜூனில் பழைய நிரலே மீண்டும் அரியணை ஏறியது.

மூடிய பெட்டியும் முயன்ற கைகளும்

லினக்ஸ் இயக்க அமைப்பின் வரலாற்றில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. 2000ஆம் ஆண்டுகளில் விற்பனையான மடிக்கணினிகள் பலவற்றில் பிராட்காம் நிறுவனத்தின் அருகலைச் சில்லுகள் இருந்தன. அவற்றோடு எவ்வாறு பேசுவது என்னும் விவரக்குறிப்பை அந்நிறுவனம் வெளியிடவில்லை. விண்டோஸுக்கான இயக்கி கிடைத்தது; லினக்ஸுக்குக் கிடைக்கவில்லை. விண்டோஸ் இயக்கியையே லினக்ஸில் ஓடச்செய்யும் உறை நிரல் ஒன்றைச் சிலர் பயன்படுத்தினர். அது ஒட்டுப்போட்ட ஏற்பாடே.

தன்னார்வலர்கள் வேறொரு வழியை மேற்கொண்டனர். அவர்கள் தம்மை இரு குழுக்களாகப் பிரித்துக்கொண்டனர். ஒரு குழு, கிடைத்த இயக்கியின் செயற்பாட்டை ஆராய்ந்து, சில்லு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை விளக்கமாக எழுதியது. மற்றொரு குழு அவ்விளக்கத்தை மட்டும் படித்துப் புதிய இயக்கியை எழுதியது. மூல இயக்கியின் ஒரு வரியும் எழுதுவோர் கண்ணில் படலாகாது என்பதே இப்பிரிவினையின் நோக்கம். அப்போதுதான் பிறர் படைப்பை நகலெடுத்தனர் என்னும் சட்டச் சிக்கல் எழாது. இதனினும் பொறுமை வேண்டும் பணி மென்பொருள் உலகில் அரிது.

அம்முயற்சியின் பயனாகப் பிறந்த பிசிஎம்43எக்ஸ்எக்ஸ் என்னும் இயக்கி, 2006 ஜூனில் வெளிவந்த 2.6.17 கருனியில் இடம்பெற்றது. 2008 ஜனவரியில் 2.6.24 கருனி வெளிவந்தபோது, பி43 என்னும் சிறந்த இயக்கி அதன் இடத்தைப் பெறத் தொடங்கியது. இங்கேதான் இடர் நேர்ந்தது. பழைய இயக்கி மூன்றாம் பதிப்பு நிலைப்பொருளைக் கொண்டு இயங்கியது. புதியதோ நான்காம் பதிப்பைக் கேட்டது. வட்டில் இருந்தது மூன்றாம் பதிப்பு. புதிய கருனிக்கு மாறியவர்களின் கணினிகளில் இயக்கி விழித்தது, நிலைப்பொருளைத் தேடியது, காணாமல் ஓய்ந்தது. மேம்பாடு உண்மையிலேயே மேம்பாடுதான். ஆனால் பயனருக்கு அது இழப்பாகவே தோன்றியது.

நான்காம் பதிப்பைக் கருனியோடு சேர்த்தே வழங்கியிருக்கலாமே என்று மாணவர்கள் வினவக்கூடும். வழங்க இயலாது. இயக்கியைத் தன்னார்வலர்கள் புதிதாக எழுதினர். நிலைப்பொருளோ பிராட்காமின் உடைமை. அதனைப் பிறர் விநியோகிக்க உரிமம் இல்லை. ஆதலால் ஒவ்வொரு பயனரும் இணையத்திலிருந்து வேறோர் இயக்கிக் கோப்பைப் பதிவிறக்கி, அதிலிருந்து நிலைப்பொருளை வெட்டியெடுக்கும் நிரலை ஓட்டி, உரிய இடத்தில் வைக்க வேண்டியதாயிற்று. இணையம் இல்லாத கணினியைச் சரிசெய்ய இணையம் வேண்டும் என்பது இதிலுள்ள முரண். கம்பிவழி இணைப்பு உடையோர் தப்பினர். பிறர் நண்பர் வீட்டுக்கோ இணைய மையத்துக்கோ சென்றனர்.

பின்னர் இத்தாலியிலுள்ள பிரெசியா பல்கலைக்கழகத்தார், சிலவகைச் சில்லுகளுக்குத் திறந்த நிலைப்பொருளையே எழுதினர். 2010 செப்டம்பரில் பிராட்காமும் தன் புதிய சில்லுகள் சிலவற்றிற்கான இயக்கியின் மூல நிரலை வெளியிட்டது. பழைய சில்லுகளை வைத்திருந்தோருக்கு அந்த வெளியீட்டால் பயன் விளையவில்லை.

தெரிந்து தெளிவோம்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பல தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் வழக்கமாக 1 முதல் 11 வரையிலான தடங்களே பயன்படுகின்றன. இந்தியாவில் 13 வரை பயன்படுத்தலாம். மேம்பாட்டிற்குப் பின் கணினி தன் நாட்டினை அமெரிக்கா என்று கருதிக்கொண்டால், 12 அல்லது 13ஆம் தடத்தில் ஒலிபரப்பும் ரவுட்டர் அதன் கண்ணுக்குத் தென்படாமற் போகலாம். கைப்பேசியில் தெரியும் பெயர் கணினியில் மட்டும் தெரியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கடுமையாகும் காவல்

பெயர் தெரிந்தும் உள்ளே நுழைய இயலாமை வேறொரு வகை. இதில் பெரும்பாலும் புதிய இயக்க அமைப்பின்மீது தவறில்லை. அருகலையின் முதற் பாதுகாப்பு முறையாகிய வெப், உடைக்கத்தக்கது என்று 2001ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் நிறுவினர். அதன்பின் 2003இல் டபிள்யூபிஏ, 2004இல் டபிள்யூபிஏ2, 2018இல் டபிள்யூபிஏ3 என அடுத்தடுத்து முறைகள் வந்தன. இயக்க அமைப்புகளின் புதிய பதிப்புகள் பழைய முறைகளைக் கண்டால் எச்சரிக்கின்றன, சில மறுக்கின்றன.

2022 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 22.04 இதற்கு நல்ல சான்று. அதில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நிரல்தொகுப்பின் மூன்றாம் பதிப்பு இடம்பெற்றது. பாதுகாப்பற்ற பழைய வழக்கப்படி மறையாக்க உரையாடலை நடத்தும் சேவையகங்களை அது ஏற்க மறுத்தது. விளைவாக, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பல்கலைக்கழக, அலுவலகப் பிணையங்கள் சிலவற்றில் புதிய உபுண்டு கணினிகள் இணைய முடியவில்லை. அந்த வழக்கத்திலுள்ள குறைபாடு வெளிப்பட்டது 2009இல். திருத்தம் வகுக்கப்பட்டது 2010இல். பன்னிரண்டு ஆண்டுகள் திருத்தப்படாத சேவையகத்தைக் குறை கூறுவதா, திடீரெனக் கதவடைத்த கணினியைக் குறை கூறுவதா என்பது விவாதத்திற்குரியது. ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில் பாடக்குறிப்பைப் பதிவிறக்க முயலும் மாணவருக்கு அவ்விவாதம் பயன்படாது.

கைப்பேசியிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. ஒவ்வோர் அருகலைக் கருவிக்கும் மேக் முகவரி என்னும் அடையாள எண் உண்டு. இவ்வெண்ணைக் கொண்டு மக்களின் நடமாட்டத்தைப் பின்தொடர முடியும் என்பதால், 2020 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 14, ஒவ்வொரு பிணையத்திற்கும் வெவ்வேறு புனை எண்ணைக் காட்டத் தொடங்கியது. தனியுரிமைக்கு இது நல்லது. ஆனால் பதிவு செய்த மேக் முகவரிகளை மட்டுமே அனுமதிக்கும் விடுதிப் பிணையங்களில், நேற்றுவரை அறிமுகமான கைப்பேசி இன்று அந்நியமாயிற்று.

கோளாறு எந்தப் படியில்?

இத்தகைய இடர்ப்பாட்டில் கண்டதையெல்லாம் அழித்து மீண்டும் நிறுவுவது அவசரக்காரரின் வழி. படிப்படியாக வினவுவதே பயன்தரும். விமானப்பயண நிலை இயக்கத்தில் உள்ளதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். சிரிப்புக்கிடமானது போலத் தோன்றினும் இதில் முடிந்துபோகும் சிக்கல்கள் உண்டு. பின்னர், கணினியின் கருவிப் பட்டியலில் அருகலைச் சில்லின் பெயர் உள்ளதா? இல்லையெனில் மட்டுமே கருவியை ஐயுறலாம். பெயர் இருந்து எச்சரிக்கைக் குறியும் இருப்பின், இயக்கியை நோக்க வேண்டும். லினக்ஸில் கருனி எழுதும் நாட்பதிவைப் படித்தால், எந்த நிலைப்பொருள் கோப்பைத் தேடிக் காணவில்லை என்பதை அதுவே பெயர்சொல்லிக் கூறும். இதைப் படிக்காமல் நாள்முழுதும் அலைவோரே மிகுதி.

இணைப்பு கிடைத்தும் இணையப்பக்கம் திறக்கவில்லையெனில், கணினியின் ஐபி முகவரியைப் பார்த்தல் வேண்டும். அது 169.254 எனத் தொடங்கினால், ரவுட்டர் முகவரி எதனையும் வழங்கவில்லை. கணினி தானே ஒன்றை இட்டுக்கொண்டது என்பது பொருள். தேவையான கோப்பைப் பதிவிறக்க வழியில்லாதோர், கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு பிணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். அக்கம்பிவழிக்கு அருகலைச் சில்லின் உதவி தேவையில்லை.

கொள்கையும் தேவையும்

1993இல் தொடங்கப்பட்ட டெபியன், மூல நிரல் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளையே வழங்குவது என்னும் உறுதிப்பாட்டைக் கொண்டது. சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே. தமிழ்நாடு அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் அது விண்டோஸுடன் இடம்பெற்றிருந்தது.

2011 பிப்ரவரியில் டெபியன் 6 வெளிவந்தபோது, மூல நிரல் வெளியிடப்படாத நிலைப்பொருள்கள் அனைத்தும் அதன் கருனியிலிருந்து அகற்றப்பட்டன. வேண்டுவோர் அவற்றைத் தனிப்பகுதியிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். கொள்கை தூயது. ஆனால் அருகலையை மட்டுமே நம்பியிருந்த புதிய பயனர், அதிகாரப்பூர்வ வட்டைக் கொண்டு டெபியனை நிறுவ முயன்றால், நிறுவும்போதே இணையம் கிடைக்காத நிலை ஏற்பட்டது. மெல்லிய மடிக்கணினிகள் கம்பிவழி இணைப்புக்கான துளையையே கைவிட்டபோது நிலைமை மேலும் இறுகியது.

ஒரு பக்கத்தார், காசு கொடுத்து வாங்கிய கருவிக்குள் ஓடும் நிரலை உடைமையாளரே படிக்க முடியாமை உரிமைக்கேடு என்றனர். மறுபக்கத்தார், நிறுவவே இயலாத கட்டற்ற மென்பொருளால் யாருக்கு விடுதலை என்று வினவினர். இரண்டிலும் நியாயம் உண்டு. எனினும் இரண்டாவது வினா, கம்பிவழி இணைப்பும் வேறு கணினியும் இல்லாத ஒருவரின் நிலையில் நின்று கேட்கப்பட்டது என்பதால் அதன் எடை கூடுதல். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்தனர். நிலைப்பொருள்களை அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கலாம் என்பது முடிவாயிற்று. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அவ்வாறே அமைந்தது.

அதிலும் ஒரு சிறு முடிச்சு எஞ்சியது. நிலைப்பொருள்களுக்கென்றே புதிய தனிப்பகுதி ஒன்று டெபியன் 12இல் உருவாக்கப்பட்டது. புதிதாக நிறுவியோர்க்கு நிறுவல் நிரலே அதனை அமைத்துத் தந்தது. 11ஆம் பதிப்பிலிருந்து மேம்படுத்தியோரோ, மென்பொருள் களஞ்சியங்களின் பட்டியலில் அப்புதிய பகுதியின் பெயரைத் தம் கையாலேயே எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்க்காதவர்களின் கணினியில் கருனியும் இயக்கியும் புதியனவாக இருக்க, சில்லுக்குள் ஏறும் நிலைப்பொருள் மட்டும் பழையதாகவே தங்கிவிட்டது.