கன்வெர்ட்டர் தூளுக்கு எந்தக் கருவி வாங்குவது?

மிளகாய் வற்றல் மூட்டை வந்து இறங்கினால், மேலே தெரிகிற நாலு வற்றலைப் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. அடியிலிருந்து ஒரு கை அள்ளி, ஈரம் இருக்கிறதா என்று ஒடித்துப் பார்க்கிறோம். அரிசி மூட்டை என்றால் குத்தூசி போடுகிறோம். அதே நாம் பழைய இரும்பு வியாபாரத்தில் இறங்கியதும் இதை மறந்து விடுகிறோம் என்பதுதான் ஆச்சரியம்.

நமது அங்கத்தினர்களில் மளிகையோடு பழைய இரும்புக் கடையும் நடத்துகிறவர்கள் உண்டு. காயலான் கடை என்ற பெயரே நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்திலிருந்து வந்தது என்று சொல்வார்கள். புதுக்கோட்டை, தூத்துக்குடி - திருநெல்வேலி சாலையில் இருப்பதால் ஒர்க்ஷாப்புகளிலிருந்து பழைய சைலன்சர்கள் வருகின்றன. அவற்றில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடைக்கு வாங்கலாமா, சோதிக்க எந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் நல்லது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இந்தக் கன்வெர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி நாடு முழுவதும் வந்தது. இன்று இரு சக்கர வாகனத்திலும் சிறிய அளவில் இது இருக்கிறது. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் மேல் பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள். அளவு மிகச் சொற்பம். ஒரு கிலோ பீங்கான் தூளில் ஒரு சில கிராம்தான். ஆயிரம் பி.பி.எம். என்று கருவி காட்டினால் கிலோவுக்கு ஒரு கிராம் என்று பொருள்.

எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, பவுன் சோதிக்கும் மெஷினில் இந்தத் தூளை வைத்துப் பார்த்தார். பிளாட்டினம் சதவீதக் கணக்கில் தெரிந்தது! அதை நம்பி நல்ல விலை கொடுத்து மூன்று மூட்டை வாங்கி விட்டார். சுத்திகரிப்பு ஆலையில் கிடைத்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மெஷின் பொய் சொல்லவில்லை. நகை மெஷின் பலவற்றில், கண்ணுக்குப் பட்ட உலோகங்களை எல்லாம் கூட்டி நூறு சதவீதமாக்கிக் காட்டும்படி கணக்கு அமைந்திருக்கும். பீங்கானில் உள்ள அலுமினியம், சிலிக்கான் போன்றவை அதற்குத் தெரிவதில்லை. இருக்கிற கொஞ்ச உலோகம் மொத்தமும் தானே என்று நிமிர்ந்து நின்று விட்டது.

இரண்டு மெஷினும் வேலை செய்கிற விதம் ஒன்றுதான். எக்ஸ்ரே கதிரைச் செலுத்தினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய சக்தியுள்ள கதிரைத் திருப்பி அனுப்பும். அதை வாங்கிப் பிரித்து எண்ணுவது டிடெக்டர். பிரிக்கிற திறமையில்தான் விலை வித்தியாசம். எஞ்சின் ஆயிலில் உள்ள துத்தநாகம் பழைய கன்வெர்ட்டரில் படிந்திருக்கும். துத்தநாகத்தின் ஒரு கோடும் பிளாட்டினத்தின் முக்கியக் கோடும் மிக நெருங்கியவை. மட்டமான டிடெக்டர் துத்தநாகத்தையும் பிளாட்டினக் கணக்கில் சேர்த்து விடும். ஆகவே சிலிக்கான் ட்ரிப்ட் டிடெக்டர் உள்ள கருவி, அதிலும் கன்வெர்ட்டருக்கென்றே அளவீடு செய்யப்பட்டது மட்டுமே உதவும். டீசல் வண்டி பில்டர்களில் பல சிலிக்கான் கார்பைடு கட்டிகள். அதற்குத் தனி அளவீடு உண்டா என்று கேட்க வேண்டும். கேட்டால் விற்பனைப் பிரதிநிதி "எல்லாம் உண்டு சார்" என்பார். நம்ப வேண்டாம். ஆலையில் சோதித்து அறிக்கை வாங்கிய தூள் இரண்டு மூன்று ரகம் கையோடு கொண்டுபோய், நம் கண் முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்கத் தர நிறுவனத்தின் 2557 எண்ணுள்ள கன்வெர்ட்டர் மாதிரித் தூள் அவரிடம் இருந்தால் அதையும் காட்டச் சொல்லலாம். முக்கியமாக ரோடியத்தைப் பாருங்கள். அளவில் குறைவு, ஆனால் விலையில் அதுதான் பெரியவர்.

கருவியைவிடப் பெரிய விஷயம் மாதிரி எடுப்பது. இந்தக் கதிர் மேல்தோலை மட்டுமே பார்க்கும். கட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பூச்சாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உடைத்த துண்டின் மேல் கருவியை வைத்து விலை சொல்கிறவர், வாங்குகிறவராக இருந்தாலும் விற்கிறவராக இருந்தாலும், இருட்டில் கை விடுகிறார். கட்டி முழுவதையும் மாவாக அரைத்து, கலந்து, குவித்து, நாலாகப் பிரித்து எடுத்த தூளைத்தான் சோதிக்க வேண்டும். ஈரத்தையும் உலர்த்தி எடை போட வேண்டும். இல்லாவிட்டால் பிளாட்டினம் விலைக்குத் தண்ணீர் வாங்குகிறோம்.

நம் கடற்கரைக்கு இது புதிதல்ல. தூத்துக்குடியில் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பை நினைத்துப் பாருங்கள். சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். அதற்கு முன்பே சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுக விட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்து மதிப்புப் போட்டு வைப்பார்கள். நாலு சிப்பியைத் திறந்து பார்த்து யாரும் மதிப்புப் போடவில்லை.

கணக்குக்கு வருவோம். பிளாட்டினம் கிராம் 3,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். நூறு பி.பி.எம். பிசகினால் கிலோவுக்கு 300 ரூபாய். 500 கிலோ சரக்கில் ஒன்றரை இலட்சம். மாதம் பத்துக் கட்டி வருகிற கடைக்குப் பல இலட்சம் ரூபாய்க் கருவி வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். நாலைந்து பேர் சேர்ந்து முதலில் ஒரு அரைக்கும் மில்லும் தூசி உறிஞ்சியும் வாங்கலாம். சோதனையை வெளியில் கூலிக்குச் செய்து கொள்ளலாம். ஆலை பணம் தருவது எப்படியும் அதன் சொந்தப் பரிசோதனையின்படிதான். ஹால்மார்க் மையங்களிலும் எக்ஸ்ரேயில் பார்த்த பிறகு உருக்கிச் சோதிப்பதை நகைக் கடைக்காரர்கள் அறிவார்கள்.

சரக்கைப் பதுக்கி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021இல் ரோடியம் அவுன்ஸ் சுமார் 29,000 டாலர் வரை ஏறியது. 2023 மத்தியில் 5,000 டாலருக்குக் கீழே வந்து விட்டது. எந்தக் கருவியும் இந்த நஷ்டத்தைக் காட்டித் தராது. வாங்கிய வேகத்தில் விற்றவர்கள் தப்பினார்கள்.

மேலும், கருவி விற்பவரிடம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி ஆவணங்களைக் கேட்டுப் பெறுங்கள். இது எக்ஸ்ரே சாதனம். தூள் அரைக்கிறவர்களுக்கு நல்ல முகமூடி கொடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் குஜராத்தில் ஈகோ வேன்களின் சைலன்சர்கள் இந்தத் தூளுக்காகவே திருடப்பட்டன. திருட்டுச் சரக்கு என்று தெரிந்து வாங்குபவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவு பாயும். யாரோ பையில் போட்டுக் கொண்டு வரும் தனிக் கட்டியை வாங்க வேண்டாம். ஒர்க்ஷாப் பில், வண்டி எண், ஆர்.சி. நகல் மூன்றையும் நோட்டில் ஏற்றிய பிறகே தராசில் ஏற்றுங்கள்.