சிந்தப்பட்ட இரத்தமும் ஒப்பந்தப் படையினரின் பொறுப்பும்

வயல்வெளியில் ஒருவன் வெட்டுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்போது இஸ்ரவேலின் மூப்பரும் நியாயாதிபதிகளும் செய்யவேண்டியதை உபாகமம் 21:1-9 விவரிக்கிறது. பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றிலுமுள்ள பட்டணங்கள்வரை தூரத்தை அளக்கவேண்டும். மிக அருகிலுள்ள பட்டணத்தின் மூப்பர் ஒரு கிடாரியின்மேல் தங்கள் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தில் தங்களுக்குப் பங்கில்லையென்று கர்த்தருக்கு முன்பாக அறிக்கையிட்டு, பாவநிவிர்த்திக்காக மன்றாடவேண்டும். நம் பிரசங்க பீடங்களில் அரிதாகவே கேட்கப்படும் இப்பகுதி, இக்காலப் போர்முறை ஒன்றை நிதானிக்க நமக்குத் துணைசெய்கிறது. அரசுகள் தங்கள் ஆயுதப் பணிகளைக் கூலிக்குத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் முறையே அது.

1. நிகழ்ந்தது என்ன?

2007 செப்டம்பர் 16 அன்று, பாக்தாத் நகரின் நிசூர் சதுக்கத்தில், பிளாக்வாட்டர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் காவலர்கள் போக்குவரத்து நெரிசலின் நடுவே துப்பாக்கிச் சூடு நடத்தினர். இவர்கள் இராணுவ வீரர் அல்லர். அமெரிக்கத் தூதரக அலுவலரைப் பாதுகாக்கும்படி அந்நாட்டு வெளியுறவுத் துறையின் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவர்கள். ஈராக்கியக் குடிமக்கள் 17 பேர் மாண்டனர். முதலில் மாண்டவர்கள் வெள்ளைக் கார் ஒன்றில் வந்த மருத்துவ மாணவரும், மருத்துவரான அவருடைய தாயாரும். மாண்டவர்களுள் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருவன். தாங்கள் தாக்கப்பட்டதாகவே காவலர்கள் வாதிட்டனர். ஆயினும் இக்கொலைகளில் 14 நியாயமற்றவை என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையே கண்டறிந்தது.

கூலிக்குப் போர்முனை சென்றவர்களும் இப்போரில் விலை கொடுத்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. 2004 மார்ச் 31 அன்று, ஃபலூஜா நகரில் இதே நிறுவனத்தின் காவலர் நால்வர் கொல்லப்பட்டனர். அவர்களுள் இருவருடைய உடல்கள் ஐபிராத்து நதியின் பாலத்தில் தொங்கவிடப்பட்டன. இத்தகைய ஒப்பந்தப் பணியாளரின் சாவு இராணுவத்தின் இழப்புக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே போரின் உண்மையான விலையைப் பொதுமக்கள் முழுவதும் அறிவதுமில்லை.

2. பொறுப்பு எங்கே மறைந்தது?

சட்டங்களின் இடைவெளிகளில் மறைந்தது. ஈராக்கை ஆண்ட இடைக்கால நிர்வாகம் 2004 ஜூனில் திருத்தி வெளியிட்ட 17ஆம் ஆணை, ஒப்பந்தப் பணியின்போது செய்யப்படும் செயல்களுக்கு ஈராக்கியச் சட்டத்திலிருந்து விலக்களித்தது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு நெறிமுறையோ, போரிடும் நாட்டின் குடிமகனைக் கூலிப்படையினன் என்று கொள்வதில்லை. எனவே அச்சொல்லின் சட்டப்பொருளுக்கும் இவர்கள் புறம்பாயினர். தாங்களே அமர்த்தியவர்கள் மீது அமெரிக்க நீதிமன்றங்கள் விசாரணை நடத்துமோ என்பதே எஞ்சிய கேள்வி.

விசாரணை நடந்தது, ஆனால் ஆண்டுகள் உருண்டோடின. பணியிழக்கும் அச்சத்தின்கீழ் பெறப்பட்ட வாக்குமூலங்கள் பயன்படுத்தப்பட்டன என்று கூறி, 2009இல் நீதிபதி ஒருவர் வழக்கைத் தள்ளிவிட்டார். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மறுபடியும் உயிரளித்தது. ஈராக்கிலிருந்து பல சாட்சிகள் வாஷிங்டன்வரை பயணப்பட்டுச் சாட்சி கூறினர். 2014இல் நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். மேல்முறையீட்டுக்கும் மறுவிசாரணைக்கும் பின்னர், 2019இல் ஒருவருக்கு ஆயுள் தண்டனையும் மூவருக்கு ஏறத்தாழ 12 முதல் 15 ஆண்டுகள்வரை சிறையும் விதிக்கப்பட்டன. 2020 டிசம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் டொனால்டு டிரம்ப் நால்வரையும் மன்னித்து விடுவித்தார்.

சுவிட்சர்லாந்து அரசும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவும் முன்னின்று உருவாக்கிய மோந்த்ரோ ஆவணத்தை 2008 செப்டம்பரில் 17 நாடுகள் ஏற்றன. பணியைத் தனியாரிடம் கொடுப்பதால் அரசு தன் சட்டக் கடமைகளிலிருந்து விடுபடாது என்று அது நினைவுறுத்துகிறது. எனினும் மீறுவோரைத் தண்டிக்கும் வல்லமை அதற்கில்லை.

3. திருமறை கூறும் நியாயம்

உரியாவைக் கொன்றது அம்மோனியரின் பட்டயம். தாவீது எருசலேமில் இருந்தான். கடிதம் மட்டுமே எழுதினான். ஆயினும் நாத்தான் தீர்க்கதரிசி பட்டயம் பிடித்தவனைத் தேடிப் போகவில்லை. அனுப்பிய அரசனையே கொலைக்குப் பொறுப்பாளி என்று சுட்டினார் (2 சாமுவேல் 12:9). எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்னும் நம் முதுமொழியும் இவ்வுண்மையை அறியும். ஆனால் திருமறை அம்பையும் விட்டுவிடுவதில்லை: தங்களிடம் வந்த சேவகரை நோக்கி, ஒருவரையும் கொடுமைப்படுத்தாமல் தங்கள் கூலியில் நிறைவடையும்படி யோவான் ஸ்நானகர் கட்டளையிட்டார் (லூக்கா 3:14). அனுப்பியவனும் அனுப்பப்பட்டவனும் தனித்தனியே கணக்கு ஒப்புவிக்கவேண்டும். ஒப்பந்தப் பத்திரம் ஊதியத்தைக் கைமாற்றலாம்; இரத்தப்பழியைக் கைமாற்ற இயலாது.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி எழும். மன்னிப்பை அறிவிக்கும் நாம், மன்னிக்கப்பட்டவர்களைக் குறித்து ஏன் முறையிடவேண்டும்? நாத்தானே இதற்கும் வழிகாட்டுகிறார். தாவீதின் பாவம் நீக்கப்பட்டது என்று அவர் கூறியது உண்மை. ஆனால் குற்றம் பெயர் சொல்லி உரைக்கப்பட்டு, தாவீது அதை அறிக்கையிட்ட பின்னரே அவ்வார்த்தை வந்தது. உண்மையைக் கடந்து வரும் மன்னிப்பு சுவிசேஷத்தின் மன்னிப்பன்று. பிள்ளையை இழந்த தகப்பனைக் கேளாமல் அரசு தன் பணியாளருக்கு அளிப்பது தண்டனை நீக்கமே. அதை ஒப்புரவாகுதல் என்று அழைக்க நமக்கு உரிமையில்லை.

4. நம் ஊழியத்திற்கு

பிலாத்துவும் கைகளைக் கழுவினான். உபாகமத்தின் மூப்பரும் கழுவினர். பொறுப்பைத் தள்ளிவிட அவன் கழுவினான். பிணத்தருகே சென்று, தூரத்தை அளந்து, பொறுப்பின் கேள்வியைத் தங்கள்மேல் ஏற்றுக்கொண்ட பின்னரே இவர்கள் கழுவினர். போர்ச் செய்திகளை வாசிக்கையில், யார் வென்றார் என்பதோடு நின்றுவிடாமல், ஆயுதம் பிடித்தவனை அனுப்பியவர் யார், மாண்டவருக்கு எந்த நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கிறது என்று கேட்க நம் சபையாரைப் பழக்குவோம். நம் பொது ஜெபங்களில் ஆளுகை செய்வோரை நினைப்பதுபோல, அவர்கள் அமர்த்தியவர்களால் மாண்டவர்களையும் நினைவுகூருவோம். ஆபேலின் இரத்தத்தின் குரலைக் கேட்டவர் நிசூர் சதுக்கத்தின் குரலையும் கேட்கிறார். அக்குரலுக்குச் செவிகொடுக்காத திருச்சபை யாருக்காக மன்றாடுகிறது?