கடற்படை அதிகாரித் தேர்வில் மருத்துவத் தகுதி: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

இந்தியக் கடற்படையில் மாலுமியாகப் பணிபுரிபவர் 'கமிஷன் வொர்தி' திட்டத்தின் வழியாக அதிகாரியாக உயரலாம். படைத்தேர்வு வாரியத்தின் நேர்காணலில் வென்ற பின்னரும் மருத்துவப் பரிசோதனையில் சிலர் தடைபடுகின்றனர். "கப்பலிலேயே பணிபுரிகிறானே, மறுபடியும் என்ன சோதனை?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. அதிகாரிப் பதவிக்கான உடல்தகுதி தனியாக மதிப்பிடப்படுகிறது.

அமெரிக்கக் கடற்படையில், தகுதி வரம்புக்கு வெளியே உள்ளவருக்கும் விலக்கு அளிக்கும் முறை உண்டு. மருத்துவத் துறை பரிந்துரைக்கும், முடிவெடுப்பது வேறு அதிகாரம். இங்கு நடைமுறையில் உள்ளது மேல்முறையீடே. சிறப்பு மருத்துவக் குழு தகுதியில்லை என அறிவித்தால், பொதுவாக 42 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் செல்லலாம். அதன்பின் மறுஆய்வுக் குழு உண்டு. ஆனால் அதை உரிமையாகக் கோர இயலாது.

குடலிறக்கம், மூலம், விரைவீக்கம், மிகை எடை போன்றவை சிகிச்சையாலோ பயிற்சியாலோ சரியாகக்கூடியவை. அறுவைச் சிகிச்சைக் காயம் ஆறுவதற்கும் நாள் வேண்டும் என்பதால், தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே மருத்துவரை அணுகவும். நிறக்குருடு அவ்வாறன்று. பிறவியிலேயே உள்ள அக்குறையை மருந்தோ கண்ணாடியோ குணப்படுத்தாது. குணப்படுத்துவதாகக் கூறுவோரிடம் பணத்தை இழக்க வேண்டாம்.

பரிசோதனை நாளுக்காக மட்டும் இரத்த அழுத்த மாத்திரை விழுங்குவது, எடை குறையப் பட்டினி கிடந்து நீரருந்தாமல் இருப்பது ஆகியன ஆபத்தானவை. மறைத்த நோய் நடுக்கடலில் வெளிப்பட்டால், அருகில் பெரிய மருத்துவமனை இராது.

விடுப்பில் வந்தபோது வெளியில் பெற்ற சிகிச்சையைப் பிரிவின் மருத்துவ அலுவலரிடம் தெரிவித்து, மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், அறுவைக் குறிப்பு, ஆய்வக முடிவுகள் அனைத்தையும் பாதுகாக்கவும். திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலசாலையின் 15 படுக்கைகளும் மருந்துகளின் பெயர்களும்கூடக் கல்லில் பதிவாகியுள்ளன. நம் வீடுகளில் கண் அறுவைச் சிகிச்சைத் தாளையே தேட வேண்டியிருக்கிறது! லேசர் முறையில் பார்வையைச் சரிசெய்துகொண்டவர்களிடம் சிகிச்சை நடந்த தேதியும் முறையும் கட்டாயம் கேட்கப்படும்.

அதிகாரிப் பதவிக்குத் தகுதியில்லை என்னும் முடிவு மட்டுமே மாலுமிப் பணியைப் பறித்துவிடாது. எனினும் புதிதாக நோய் கண்டறியப்பட்டால், அவரது மருத்துவ வகைப்பாடு மறுபரிசீலனைக்கு வரக்கூடும். அதற்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.