மேற்கோளும் அதன் முகவரியும்



மலைநாட்டுத் தபாற்காரர் ஒருவரின் இடர்ப்பாட்டினைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கடித உறையின்மேல் "பெருமாள், கலஹா" என்று மட்டும் எழுதியிருக்கிறது. கலஹாவைச் சுற்றித் தோட்டங்கள் பல. ஒவ்வொரு தோட்டத்திலும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று பிரிவுகள், பிரிவுதோறும் லயங்கள், லயந்தோறும் ஒரு பெருமாள் இருத்தல் கூடும். கடிதம் தோட்டக் காரியாலயத்து மேசையிற் சில நாள் கிடந்து, அனுப்பியவருக்கே திரும்பிவிடுகிறது. பெயரும் பொய்யன்று, ஊரும் பொய்யன்று. எனினும் கடிதம் போய்ச் சேரவில்லை.

ஆராய்ச்சிக் கட்டுரையில் "அறிஞர் ஒருவர் கூறியுள்ளார்" என எழுதி மேற்கோள் காட்டுவதும் இத்தகையதே. மேற்கோளுக்கு முகவரி எழுதும் முறையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகம் எங்களுக்கு அண்மையில் உள்ளது. எம்மிடம் படித்துச் சென்ற பிள்ளைகளுட் சிலர் பட்டம் பெற்று, தம் முதற் கட்டுரையை ஏதேனும் ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகின்றனர். "கருத்து நன்று, உசாத்துணை முறைப்படி அமையவில்லை" என்னும் குறிப்போடு அது திரும்பி வருகிறது. "காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இவ்வளவு பெரிய காரியமா, சேர்?" என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டான். கேள்வி நியாயமானது. அதற்குரிய விடையை நான் சாமிநாதையரின் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொன்னேன்.

1880ஆம் ஆண்டிற் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலாற் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை இருந்தது. உரைகாரர் பழைய நூல்களின் அடிகளை இடந்தோறும் எடுத்துக்காட்டி, "என்றார் பிறரும்" என்று முடித்துவிடுகிறார். அந்தப் பிறர் யாவர், அவ்வடி எந்த நூலில் உள்ளது என்பன சொல்லப்படவில்லை. அறியாத நூலின் அடியைக் கொண்டு அறியாத சொல்லுக்குப் பொருள் காணவேண்டிய நிலை. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிலிருந்து சங்க நூல்கள் அவர் கைக்கு வந்து, அவற்றைப் படிக்கப் படிக்கவே, இன்ன அடி இன்ன நூலினது என்பது சிறிது சிறிதாகத் துலங்கிற்று. சிந்தாமணிப் பதிப்பு 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. இடையிற் கழிந்த ஏழாண்டுகளிற் பெரும்பகுதி இத்தகைய தேடலிற் சென்றது.

இதற்காக உரைகாரரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர் காலத்துக் கற்றோர்க்கு அந்நூல்கள் மனப்பாடம்; ஓரடியைச் சொன்ன அளவில் நூலும் புலவரும் நினைவுக்கு வருவர். அடிக்குறிப்பு கேட்போர் நெஞ்சிலேயே இருந்தது. அந்த நெஞ்சுகள் அற்றுப்போகும் ஒரு காலம் வரும் என்று அவர் எண்ணவில்லை. குறுந்தொகையில் ஒரு பாட்டை இயற்றிய புலவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. பாட்டில் வரும் உவமையைக் கொண்டே அவரைச் "செம்புலப்பெயனீரார்" என்று வழங்குகிறோம். அழகிய பெயர்தான். ஆயினும் அது முகவரி தொலைந்தமைக்கு ஓர் அடையாளம்.

இதற்கு மாறான ஒன்றும் நம்மிடம் உண்டு. புறத்திரட்டு என்னும் பழைய தொகைநூலைத் திரட்டியவர் யாவரென்று தெரியவில்லை. அவர் பாடல்களைத் திரட்டியதோடு, அவை எந்நூலிலிருந்து எடுக்கப்பட்டன என்பதையும் குறித்து வைத்தார். முத்தொள்ளாயிரம் முழுநூலாக நமக்குக் கிட்டவில்லை, குண்டலகேசியும் கிட்டவில்லை. இன்று அவற்றின் பெயராற் படிக்கும் பாடல்களுட் பெரும்பாலானவை அந்தத் தொகுப்பாளரின் குறிப்பினால் எஞ்சியவை. மூலநூல் அழிந்த பின்னும் முகவரி நின்றது.

இனி, இக்காலத்து முறைக்கு வருவோம். கட்டுரையின் உள்ளே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இட்டு, முழு விவரத்தை இறுதியில் அகர வரிசையில் தருவது ஒரு வழக்கம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து விலங்கியற் பேராசிரியர் எட்வர்ட் மார்க், தோட்டத்து நத்தையினப் பிராணி ஒன்றைப் பற்றி 1881இல் எழுதிய கட்டுரையில் இதனைக் கையாண்டார் என்பர். மேற்கோளுக்கு எண்ணிட்டு, அவ்வெண் வரிசையிலேயே விவரம் தருவது இன்னொன்று. மருத்துவ இதழாசிரியர் சிலர் 1978இல் வன்கூவர் நகரிற் கூடி அதனை வகுத்தனர். வரலாறும் இலக்கியமும் எழுதுவோர் பலர் அடிக்குறிப்பையே விரும்புவர். எது சிறந்தது என்னும் வாதத்தில் நேரம் போக்க வேண்டா. அனுப்பப்போகும் இதழ் எதனைக் கேட்கிறதோ அதுவே சிறந்தது. அவ்விதழின் அண்மைய வெளியீடு ஒன்றை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, அதிலுள்ளபடியே புள்ளிக்குப் புள்ளி எழுதுக.

கலஹாவிலிருந்து தெல்தோட்டைப் பக்கமாய்ச் சென்றால் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம் அது. நான் முன்னே கூறிய பிள்ளையின் கட்டுரையில் இச்செய்தி ஒரு சான்றுமின்றி நின்றது. நம்மூர்ச் செய்திதானே, யாருக்குத் தெரியாது என்று அவன் எண்ணிவிட்டான். நச்சினார்க்கினியர் எண்ணியதும் அதுவே. இவ்வாறு எழுதச் சொன்னேன்: ஃபொரஸ்ட், டி. எம். 1967. அடுத்து, சாய்ந்த எழுத்தில், "ஏ ஹன்ட்ரட் இயர்ஸ் ஒவ் சிலோன் ரீ" என்னும் நூற்பெயர். பின்னர், லண்டன்: சற்றோ அன்ட் வின்டஸ். கட்டுரையினுள் ஃபொரஸ்ட், 1967, அதன்பின் பக்க எண். பக்க எண் லயத்தின் வீட்டிலக்கம் போன்றது. அதனை விட்டால் தோட்டம் முழுவதும் அலைய வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. மேல்நாட்டார் குடும்பப் பெயரை முன்னே வைப்பர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; முன்னெழுத்து தந்தையுடையது. "தமிழ் ஹீரோயிக் பொயெட்ரி" என்னும் நூலை 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளியிட்டவரைக் "கைலாசபதி, க." என்றே எழுதவேண்டும். முன்னெழுத்தை விரித்து முன்னே வைத்தால், மகன் எழுதிய நூல் தந்தையின் கணக்கிற் சேர்ந்துவிடும். இதழ்களின் படிவங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பும் பிள்ளைகள் தம் சொந்தக் கட்டுரையையே இவ்வாறு தந்தைக்குத் தாரை வார்த்துவிடுகின்றனர்!

பழைய இலக்கியத்துக்குப் பக்க எண் போதாது. 1894ஆம் ஆண்டுப் புறநானூற்றின் பக்கம் வேறு, இன்று கடையில் வாங்கும் பதிப்பின் பக்கம் வேறு. பாட்டெண்ணும் அடியெண்ணும் தந்தால் எப்பதிப்பிலும் காணலாம். அவ்வடியை நீங்கள் புறநானூற்றிற் காணாமற் கைலாசபதியின் நூலிற் கண்டிருந்தால், அங்கே கண்டதாகவே எழுதுங்கள். காணாததைக் கண்டதாக எழுதுவோர் பிறர் செய்த அச்சுப்பிழையையும் சேர்த்துச் சுமந்து செல்வர். இணையத்திற் படித்த கட்டுரைக்கு டி.ஓ.ஐ. என்னும் நிலையான எண் இருப்பின் அதனைத் தருக. இல்லையேல் இணைய முகவரியையும் பார்த்த நாளையும் தருக. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் மின்நூலகத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. அதனையும் குறித்துக்கொள்வது நலம்.

இவற்றை நான் கற்றுக்கொண்டது தாமதமாகத்தான். பல ஆண்டுகளுக்கு முன் கட்டுரை ஒன்றுக்காக ஒரு நூலிலிருந்து வாக்கியமொன்றைப் பக்க எண்ணின்றிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். இதழாசிரியர் பக்கத்தைக் கேட்டார். கண்டிக்குப் போய் இரண்டு நாள் அந்நூலைப் புரட்டினேன். இரண்டாம் நாட் பிற்பகலிற் பக்கம் அகப்பட்டது. நான் எழுதியிருந்தது அவ்வாக்கியத்தின் முற்பாதி மட்டுமே. "ஆனால்" என்று தொடங்கிய பிற்பாதி என் கருத்துக்கு நேர்மாறாய் இருந்தது. அன்றிரவே அந்தப் பத்தியைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிட்டேன்.