“நடங்க” என்றால் எவ்வளவு, டொக்டர்?

பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று கிளினிக் போனால் மருந்துக்குத் துண்டில் காலை எத்தனை, இரவு எத்தனை என்று எழுதித் தருகிறார்கள். உடற்பயிற்சிக்கு ஒரே வார்த்தை: “நடங்க.” பிள்ளைகளிடம் “படியுங்கள்” என்று மட்டும் சொல்லி, எந்தப் பாடம் என்று சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது ஆசிரியையான எனக்குத் தெரியும்.

மாரடைப்பு வந்து வீடு திரும்பிய என் வாப்பாவுக்கும் அதே வார்த்தைதான். நடந்தால் மறுபடி நெஞ்சு அடைக்குமோ என்ற பயத்தில் மாதக்கணக்கில் கதிரையிலேயே இருந்தார்.

இதை அக்கறையின்மை என்று சொல்லமாட்டேன். டொக்டர்மாருக்கே இது போதியளவு கற்பிக்கப்படுவதில்லை. இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்ப வைத்தியர்களிடம் கேட்டு 2017இல் வெளியான ஆய்வில், தமது நாட்டின் உடற்பயிற்சி வழிகாட்டலை நன்கு அறிந்திருந்தவர்கள் ஐந்தில் ஒருவரே. இத்தனைக்கும், பஸ் சாரதிகளைவிடப் படியேறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் ஜெரமி மொரிஸ் காட்டியது அதே நாட்டின் லண்டனில்தான். அங்கேயே அப்படியென்றால், வெளியே வரிசை நீண்டிருக்கும் நம் வைத்தியசாலைகளில் விளக்கிச் சொல்ல நேரம் ஏது?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் தெளிவானது. வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. அதாவது ஐந்து நாளைக்கு அரை மணி நேரமாவது. வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை. மிதம் என்றால் நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது. பிரஷருக்கான சில மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைப்பதால், துடிப்பை எண்ணி அளப்பதைவிட இந்த அளவுகோல் நல்லது.

பெண்கள் விஷயம் வேறு. ஆண்கள் சுபஹ் தொழுதுவிட்டு மன்னார் பாலம் பக்கம் நடக்கிறார்கள். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் நம் ராத்தாமார் எங்கே நடப்பது? மணல் ஒழுங்கையில், கழுதைகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவிலா? “எங்கே நடப்பீங்க?” என்று கேட்ட டொக்டரை நான் இன்னும் காணவில்லை. வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும் என்று அதே வழிகாட்டல் சொல்கிறது. இதைச் சொன்னாலே பலர் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்த கிளினிக்கில் நாமே கேட்போம்: எத்தனை நிமிடம், எவ்வளவு வேகம், என் மருந்துக்கு இது சரியா, எப்போது நிறுத்த வேண்டும்? மாரடைப்பு வந்தவர்கள் இதைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுகினால், மூச்சு முட்டினால், தலை சுற்றினால் உடனே நிற்க வேண்டும். குறையவில்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.